படலைக் காவலும் மலைநாட்டுத் தொழிற்கல்வியும்

ஒரு கல்லூரி தன் ஜூபிலி மலரை வெளியிடும்பொழுது பழம்பெருமை பேசுதல் இயல்பே. கட்டடம் எழுப்பினோரையும், கல்வி புகட்டினோரையும், விளையாட்டிலே வெற்றிமாலை சூடினோரையும் நினைவுகூர்தல் எமது கடமையுமாகும். எனினும், பழைய மாணவர் இனிச் செய்யவேண்டியது யாதென எண்ணிப் பார்ப்பதற்கும் இத்தகைய மலரே தக்க இடமாம். ஊவா மாகாணத்திலே, பதுளையையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் தமது தொழிற்களமாகக் கொண்ட பழைய மாணவரின் சார்பிலே, சிறு பொருளொன்றைக் குறித்து யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். பொருள் கைவிரல் நகத்தளவினதே. ஆயின் அதனைச் சார்ந்து நிற்பன ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ஓட்டமும், அதனைப் பழுதுபார்க்கப் புகும் இளைஞன் ஒருவனின் உயிருமாகும்.

மலைநாட்டுக்கு மின்சாரம் புதிதன்று. நகரங்கள் பலவற்றுக்கு மின்விளக்கு வருமுன்னரே, தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளிலே நீரோடையின் விசையாற் சுழலிகள் சுழன்றன. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர அவர்கள் 1918ஆம் ஆண்டிலே இலங்கையின் நீர்வலுவைப் பற்றி ஆராய்ந்து கட்டுரை படித்தார்கள்; அவர்களது கனவு 1950ஆம் ஆண்டு இலக்சபானாவிலே நனவாயிற்று. 1969இல் இலங்கை மின்சார சபை தோன்றியது. தேசிய மின்கம்பி தோட்டங்களை அடைந்ததும் பழைய சுழலிகளுட் பல துருப்பிடித்துக் கிடந்தன. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே 120 மெகாவாற்று ஆற்றலுள்ள உமா ஓயாத் திட்டம் இதே ஊவா மண்ணிலே திறந்துவைக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக் காலத்துள் நிகழ்ந்த இம்மாற்றம் பெரிது.

பழைய தொழிற்சாலையிலே, தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் அவ்விடத்திலே, கூரையின்கீழ் நீண்ட இருப்புத்தண்டு ஒன்று சுழலும். அதிலிருந்து தோற்பட்டிகள் இறங்கி உருட்டும் பொறிகளையும் விசிறிகளையும் இயக்கும். பட்டி அறுந்தால் ஓசை கேட்கும். தாங்கி தேய்ந்தால் மணம் வரும். பழுது ஐம்புலனுக்கும் எட்டியது. கூர்மையான கண்ணுடைய தொழிலாளி ஒருவன், பள்ளியிற் கால் வைக்காதவனாயினும், ஆண்டு பலவாகப் பார்த்துப் பழகிய அறிவினாலே அதனைத் திருத்திவிடுவான். இன்றைய பழுது அத்தகையதன்று. அது சிறு பலகையொன்றின்மேல், கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், ஒரு செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்துள் நிகழ்ந்து முடிகின்றது. ஆகவே பார்த்துப் பழகுதல் மட்டும் இனிப் போதாது. காரணம் அறிதல் வேண்டும்.

இம்மாற்றம் எங்ஙனம் வந்ததென்பதைச் சற்று விளக்குவோம். பறித்த கொழுந்திலே நூற்றுக்கு 75 முதல் 80 பங்குவரை நீர் உண்டு. அதனைத் தொட்டிகளிற் பரப்பி, கீழிருந்து விசிறியாற் காற்றைச் செலுத்திப் பல மணிநேரம் வாட்டிய பின்னரே உருட்டுதல் இயலும். தொடக்கத்தில் மிகுந்த காற்று வேண்டும். கொழுந்து வாட வாடக் குறைந்த காற்றுப் போதும். முன்னாளில் விசிறியை ஒரே வேகத்தில் ஓடவிட்டுக் காற்றைத் தகட்டினால் மறித்தனர். இக்காலத்திலோ மோட்டரின் வேகத்தையே குறைக்கும் இன்வேர்ட்டர்ப் பெட்டிகள் வந்துள்ளன. விசிறி உட்கொள்ளும் வலு அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைத் தொடர்வது. வேகத்தை ஐந்தில் நான்காகக் குறைத்தால் வலு ஏறக்குறையப் பாதியாகும். மின்கட்டணம் ஏறிய இந்நாளில் இச்சிக்கனத்தை எந்தத் தோட்டமும் புறக்கணித்தல் இயலாது.

அப்பெட்டியினுள்ளே நிகழ்வது இது. மூன்று தறுவாய் 400 வோல்ற்று ஆடலோட்டம் முதலிற் சீராக்கப்பட்டு, ஏறக்குறைய 560 வோல்ற்று நேரோட்டமாகின்றது. பின்னர் ஆறு வலுத் திரான்சிற்றர்கள் அந்நேரோட்டத்தைச் செக்கனுக்குப் பல்லாயிரந் தடவை வெட்டி, வேண்டிய அதிர்வெண்ணுள்ள ஆடலோட்டமாக மோட்டருக்கு வழங்குகின்றன. இத்திரான்சிற்றர்கள் பெரும்பாலும் ஐ.ஜீ.பீ.ரீ. என்னும் வகையின. அவ்வகையை 1980களின் தொடக்கத்திலே அமெரிக்காவின் ஜெனரல் எலக்றிக் நிறுவனத்தில் வளர்த்தெடுத்தோருள் முதன்மையானவர் பி. ஜயந்த் பாலிகா. அவர் சென்னையிற் பிறந்தவர். சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திலே 1969இற் பட்டம் பெற்றவர். 2024ஆம் ஆண்டிலே பின்லாந்தின் மிலேனியத் தொழினுட்பப் பரிசும் அவரைச் சேர்ந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள ஒரு கல்விக்கூடத்திலே பயின்றவரின் கைவண்ணம் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் கொழுந்து வாட்ட உதவுகின்றது எனின், அறிவுக்கு ஊர் எல்லை இல்லை என்பது தெளிவாம்.

இனி எமது பொருளுக்கு வருவோம். இத்திரான்சிற்றருக்குப் பெரும் ஓட்டம் செல்லும் முனைகள் இரண்டு. அவ்வோட்டத்தைத் திறக்கவும் அடைக்கவும் ஆணையிடும் முனை ஒன்று. அம்மூன்றாம் முனையைப் படலை என்போம். வீட்டுப் படலையைப் போலவே இதுவும் வழிவிடுவது, மறிப்பது என்னும் இருதொழில் உடையது. ஆயின் இப்படலைக்கும் அதன் கீழுள்ள சிலிக்கனுக்கும் இடையே நிற்கும் காவலி, ஒரு மில்லிமீற்றரின் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவேயான ஒட்சைட்டுப் படலம். பெரும்பாலான திரான்சிற்றர்களுக்கு இப்படலையில் 20 வோல்ற்றுக்கு மேல் ஏறலாகாதென்று செய்தோர் வரையறுத்துள்ளனர். 560 வோல்ற்றை அடக்கியாளும் பொறி, தன் ஆணைமுனையில் 30 அல்லது 40 வோல்ற்றினால் நிலையாகக் கெட்டுவிடலாம். யானையை அடக்கும் பாகனின் கையில் முள் தைத்தாற்போன்ற இந்நிலையை மாணவன் முதலில் உணரவேண்டும்.

அன்றியும், படலை வெறும் ஆணையேற்கும் முனையன்று, ஒரு கொள்ளளவியுமாகும். திறப்பதற்கு அதனுள் ஏற்றத்தை நிரப்பவேண்டும். அடைப்பதற்கு அதனை வெளியேற்றவேண்டும். ஒரு நடுத்தரத் திரான்சிற்றருக்கு 100 நனோகூலோம் ஏற்றம் வேண்டுமென வைத்துக்கொள்வோம். நுண்கட்டுப்படுத்தி ஒன்றின் முனை 20 மில்லியம்பியரே தரவல்லதெனின், நிரம்புவதற்கு 5 மைக்குரோசெக்கன் செல்லும். அது குறைந்த நேரமன்றோ என்று மாணவன் வினவக்கூடும். குறைந்த நேரமன்று. அவ்விடைவேளையிலே படலை முற்றத் திறந்ததுமின்றி முற்ற அடைத்ததுமின்றி அரைகுறையாக நிற்கின்றது. 560 வோல்ற்றும் 20 அம்பியரும் ஒருங்கே திரான்சிற்றரின்மேல் விழுமாயின், கணநேர வலு 11 கிலோவாற்றாம். செக்கனுக்குப் பல்லாயிரந் தடவை இங்ஙனம் நிகழ்ந்தால் எச்சிலிக்கன் தாங்கும்? மேலும், நுண்கட்டுப்படுத்தி தருவது 3.3 அல்லது 5 வோல்ற்று, ஐ.ஜீ.பீ.ரீ. முற்றத் திறக்க வேண்டுவது ஏறக்குறைய 15 வோல்ற்று. இவ்விரு குறையையும் தீர்க்க இடையே நிற்பதே படலை இயக்கி. அது சிறு ஆணையைப் பெற்று, 2 அம்பியர்போலும் வன்மையான ஓட்டத்தைக் கணநேரம் செலுத்தி, 50 நனோசெக்கனிலே படலையைத் திறந்து அடைக்கின்றது.

இயக்கியைத் திரான்சிற்றருடன் இணைத்தற்கு வேண்டியன சில கம்பிகளே. அவற்றை எப்படி இணைப்பதென்பதிலேயே தொழிலறிவு அனைத்தும் அடங்கியுள்ளது. முதன்மையானவற்றை மாத்திரம் காரணத்தோடு கூறுவோம்.

முதலாவது, இயக்கி திரான்சிற்றரின் அருகிலே இருத்தல் வேண்டும். படலைக்குச் செல்லும் கம்பியும் திரும்பும் கம்பியும் குறுகியனவாய், ஒன்றோடொன்று முறுக்கப்பட்டனவாய் அமைதல் வேண்டும். திரும்பும் கம்பியைத் திரான்சிற்றரின் காலி முனையின் அடியிலேயே தனியாகத் தொடுக்கவேண்டும்; பேரோட்டம் செல்லும் பாதையிலே அதனைப் பங்குகொள்ளச் செய்தல் ஆகாது. ஒரு சதமீற்றர் நீளக் கம்பிக்கு ஏறத்தாழ 10 நனோஎன்றி தூண்டற்றிறன் உண்டு. 50 அம்பியர் ஓட்டம் 50 நனோசெக்கனில் மாறுமாயின், அவ்வொரு சதமீற்றரிலேயே 10 வோல்ற்று எழும். இயக்கி கொடுத்த 15 வோல்ற்றிலே படலைக்கு எஞ்சுவது 5 மாத்திரம். ஒரு விரல் அகலத்துக்கும் குறைந்த கம்பி ஒரு தொழிற்சாலையின் விசிறியை நிறுத்தக்கூடும் என்பதை இக்கணக்கின்றி எவரும் நம்பார்.

இரண்டாவது, படலைக்குத் தொடராக ஒரு தடையி வேண்டும். பெரும்பாலும் சில ஓம் முதற் சில பத்து ஓம் வரை. கம்பியின் தூண்டற்றிறனும் படலையின் கொள்ளளவமும் சேர்ந்து மணியடித்தாற்போல அலையும். அவ்வலைவை இத்தடையி தணிக்கும். அது இல்லையேல் படலையின் வோல்ற்றளவு வரம்பு கடந்து ஏறும். அது மிகப் பெரிதாயின் திறப்பும் அடைப்பும் தாமதமாகி வெப்பம் மிகும். ஆகவே பழுதுபார்ப்போன் கையிற் கிடைத்த தடையியை அங்கே இடுதல் தகாது.

மூன்றாவது, படலைக்கும் காலிக்கும் இடையே 10 கிலோஓம் போன்றதொரு தடையியும், 16 அல்லது 18 வோல்ற்றுச் செனர் இருவாயியும் வேண்டும். இயக்கிக்கு மின்சாரம் வராத வேளையிலே படலை அநாதையாய்த் தொங்கினால், அருகிலுள்ள எந்த மின்புலமும் அதனைத் திறந்துவிடும். அத்தடையி படலையை அடைத்தே வைத்திருக்கும் தாழ்ப்பாள். அவ்விருவாயி வெள்ளம் மிகின் வழியும் கலிங்கு.

நான்காவது, இயக்கியின் மின்வழங்கு முனைகளுக்கு நெருக்கமாகச் சிறு கொள்ளளவிகள் வேண்டும். 2 அம்பியர் ஓட்டம் கணப்பொழுதில் எங்கிருந்து வருவது? தூரத்திலுள்ள மின்வழங்கியினின்று வருமுன் காலம் கடந்துவிடும். அருகிலுள்ள கொள்ளளவியே அதனை ஈகின்றது. கடும்பசிக்கு அயல்வீட்டுச் சோறு உதவுவதைப் போல.

ஐந்தாவது, ஒரே வரிசையிலுள்ள மேற்றிரான்சிற்றரும் கீழ்த்திரான்சிற்றரும் ஒருபொழுதும் ஒருங்கே திறத்தல் ஆகாது. திறந்தால் 560 வோல்ற்றும் குறுக்கே பாய்ந்து இரண்டும் வெடிக்கும். ஆகையால் ஒன்று அடைத்து மற்றையது திறக்குமுன் சில மைக்குரோசெக்கன் இடைவெளி விடப்படுகின்றது. அது மாத்திரமும் போதாது. மேலது திறக்கும்பொழுது கீழதன் சேகரிப்பான் முனையில் வோல்ற்றளவு விரைந்து ஏறுவதால், உள்ளார்ந்த கொள்ளளவத்தின் வழியாகக் கீழதன் படலையும் தூக்கப்படும். இதனைத் தடுக்கவே சில இயக்கிகள் அடைக்கும் வேளையிற் படலையைச் சுழியத்துக்கும் கீழே, 5 முதல் 8 வோல்ற்றுவரை எதிர்ப்பக்கமாக இழுத்து வைக்கின்றன.

ஆறாவது, மேற்றிரான்சிற்றரின் காலி நிலைத்து நிற்பதன்று. சுழியத்துக்கும் 560 வோல்ற்றுக்கும் இடையே ஓயாது தாவுவது. அதன் இயக்கி தனித்த மின்வழங்கியையும், ஆணை வரும் வழியிலே ஒளியினாலோ காந்தத்தினாலோ பிரிக்கும் தடுப்பையும் உடையதாதல் வேண்டும். இரு பக்கத்துப் பொதுமுனைகளையும் ஒன்றாக முடிந்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகும் என்று எண்ணும் புதியவர் உளர். அங்ஙனம் முடிந்த கணமே, விரல் படும் பொத்தானும் கைப்பேசி இணைந்த கம்பியும் 560 வோல்ற்றின் உறவினர் ஆகிவிடும். அலைவுகாட்டியின் புவிக்கவ்வியை அவ்விடத்திலே மாட்டுதலும் அத்தகைய பேதைமையே.

ஊவாவுக்கே உரிய இரண்டொரு குறிப்பையும் இவற்றோடு சேர்த்தல் தகும். ஆடி முதல் ஆவணி புரட்டாதி வரை மலைச்சரிவில் வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகம் போற்றும் மணத்தைத் தருவது. அதே வறட்சியில் உராய்வு மின்னும் உடலிலும் உடையிலும் எளிதிற் சேரும். புவியோடு இணைத்த கைப்பட்டியின்றிப் படலையைத் தொட்டவன், பழுதைத் தானே விதைத்தவனாவான். மற்றைக் காலங்களிலோ வாட்டும் தொட்டியின் ஈரமும் தேயிலைத் தூசியும் பலகையின்மேற் படிந்து, பிரிந்திருக்கவேண்டிய முனைகளிடையே பாலம் அமைக்கும். நாட்டில் எங்கோ ஓரிடத்துக்கு எழுதிய கைந்நூல் இவ்விரண்டையும் கூறாது. இவ்விடத்து ஆசிரியனே கூறவேண்டும்.

தொழிற்சாலைக்கு மாத்திரம் உரிய செய்தி இதுவன்று. நீரோடையிற் சிறு மின்னாக்கி அமைத்து வீடுகளுக்கு விளக்கேற்றும் முயற்சிகள் மலைநாட்டுக் கிராமங்களிலே நிகழ்ந்துள்ளன. ஓடை ஒரே விசையோடு பாயும்; வீடுகளோ ஒரு வேளை பத்து விளக்கும் ஒரு வேளை இரண்டு விளக்கும் ஏற்றும். எஞ்சிய வலுவை வெப்பமாக்கி ஒழிக்கும் கட்டுப்படுத்தி இல்லையேல் மின்னாக்கி வெறிகொண்டு சுழன்று, வோல்ற்றளவு ஏறி, வீட்டு விளக்குகள் யாவும் ஒருங்கே கருகும். அக்கட்டுப்படுத்திகள் சிலவற்றிலும் இவ்வலுத் திரான்சிற்றரும் இதே படலையும் உள. கூரைமேற் சூரிய ஒளியால் மின்னாக்கும் பெட்டிகளிலும் அவையே.

இவ்வளவும் கூறியது எதற்கெனின், எமது கருத்து இது: ஊவாத் தோட்டங்களின் இளைஞருக்கு இவ்வறிவைத் தமிழிலே, காரணத்தோடு, கையாற் செய்து பழகும் முறையிலே கற்பிக்கும் இடம் ஒன்று பதுளையில் வேண்டும், அதனை நிறுவுவதிலே பழைய மாணவர் முன்னிற்றல் வேண்டும்.

இன்றுள்ள நிலையை மறைக்காது சொல்வோம். பண்டாரவளையிலும் பசறையிலும் வெலிமடையிலும் கைப்பேசியும் வானொலியும் திருத்தும் சிறு கடைகளைக் காணலாம். அவற்றிலே அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் கைத்திறன் வியக்கத்தக்கது. இன்வேர்ட்டர் ஒன்று பழுதாகி வந்தால் அவர்கள் அஞ்சுவதில்லை. வெடித்த திரான்சிற்றரை அகற்றி வேறொன்றை வைக்கின்றனர். திரான்சிற்றர் வெடித்தபொழுது அதன் படலை வழியாக இயக்கியும் கெட்டிருக்கக்கூடும் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆகவே புதிதும் ஓரிமைப்பொழுதில் வெடிக்கின்றது. தடையியைக் காணாவிடத்து நேர்க்கம்பி இடுகின்றனர். பெட்டியின் மூடியைத் திறந்தவுடன் கையை உள்ளே விடுகின்றனர். மின்சாரத்தை நிறுத்திவிட்டோமே என்பது அவர்கள் நம்பிக்கை. 1000 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி ஒன்று 560 வோல்ற்றிலே 157 யூல் சத்தியைத் தன்னுள் அடக்கிக் கிடக்கின்றதென்பதும், அது 16 கிலோகிராம் கொழுந்தை ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கப் போதுமென்பதும், மார்பினூடே பாய்ந்தால் உயிரைக் கவரும் என்பதும் அவர்கள் அறியார். அறியாமை அவர்கள் குற்றமன்று. கற்பிக்கவேண்டியவர் கற்பிக்கவில்லை.

எமது கருத்துக்கு மூவகை மறுப்பு எழக்கூடும். பழுதானதை எறிந்துவிட்டுப் புதியது வாங்கலாமே என்பர் ஒரு சாரார். 2022ஆம் ஆண்டை இவர்கள் மறந்தனர் போலும். அவ்வாண்டிலே அந்நியச் செலாவணி வற்றி, நாடு கடன் தவணை செலுத்த இயலாதென அறிவித்தது. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிலவியது. அக்காலத்திலே திருத்தத் தெரிந்தவனே செல்வன். மேலும், புதிய பெட்டி கொழும்பிலிருந்து வந்து சேரும்வரை கொழுந்து காத்திராது. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை முதல் ஐந்து கிலோவரை பச்சைக் கொழுந்து வேண்டும். அவ்வளவும் பெண்களின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கிள்ளியவை. காற்றின்றிக் குவிந்து கிடந்து வெந்துபோகும் கொழுந்திலே அழிவது அவர்களுடைய ஒரு பகலின் உழைப்பு.

இத்தொழில் ஆபத்தானது, பிள்ளைகளைத் தள்ளிவைப்பதே நன்று என்பர் இன்னொரு சாரார். இவர்கள் கூற்றிலே உண்மையுண்டு. அதனை யாம் இலேசாக எண்ணவில்லை. 560 வோல்ற்றுப் பெட்டியை மாணவன் கையிற் கொடுக்குமாறு யாம் கூறோம். ஆயின் தள்ளிவைத்தல் இயலாத காரியம். பிள்ளைகள் முன்னரே அங்கே நிற்கின்றனர். ஆற்றங்கரையிற் பிறந்தவனுக்கு நீந்தக் கற்பிப்பதா, ஆற்றை மறைத்துச் சுவர் எழுப்புவதா என்பதே வினா. படலை இயக்கியின் சிறப்பு யாதெனின், அதன் பாடம் முழுவதையும் 12 அல்லது 24 வோல்ற்றிலேயே கற்பிக்கலாம் என்பதாகும். அலைவும் வெப்பமும் குறுக்கோட்டமும் அச்சிறு வோல்ற்றிலும் அலைவுகாட்டியிலே தெளிவாகத் தோன்றும். ஓட்டத்தை வரையறுக்கும் மின்வழங்கி ஒன்றிருந்தால், தவறு செய்தவன் இழப்பது ஒரு திரான்சிற்றரையேயன்றி விரலையன்று.

இவையெல்லாம் ஆங்கிலத்திலன்றோ உள்ளன, தமிழிற் கற்பித்துப் பயன் என்ன என்பர் மூன்றாஞ் சாரார். திரான்சிற்றரின் விவரத்தாள் ஆங்கிலத்தில் இருப்பது மெய்யே. அதனை வாசிக்கும் அளவு ஆங்கிலம் மாணவனுக்கு வேண்டும் என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆயின் காரணம் உள்ளத்திற் பதிவது தாய்மொழியிலேயே. காலி, சேகரிப்பான், படலை, இருவாயி, கொள்ளளவி என்னும் சொற்கள் எமது பாடநூல்களிலே நெடுங்காலமாக வழங்குகின்றன. கலைச்சொற்றொகுதி ஆக்கிய முன்னோர் எமக்குச் செய்த பேருதவி அது. படலை என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே, திறப்பதும் அடைப்பதும் காவல் செய்வதும் தமிழ்ப்பிள்ளையின் மனக்கண்முன் தோன்றும். அவ்வனுகூலத்தை வீணாக்குதல் அறிவுடைமையன்று.

அரசாங்கம் செய்தது ஒன்றுமில்லை என்று யாம் கூற வரவில்லை. 1970கள் முதலாகத் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலே தோன்றியது. 2013ஆம் ஆண்டிலே உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. பொறியியற்றொழினுட்பவியல் என்னும் பாடம் தமிழிலும் கற்பிக்கப்படலாயிற்று. வாயில் திறந்தது. ஆயினும் வாயிலைக் கடந்து உட்செல்ல ஆய்வுமேசையும் கருவியும், அவற்றை அஞ்சாமற் கையாளும் ஆசிரியனும் வேண்டும். பாடநூலிற் படம் பார்த்துப் பரீட்சை எழுதியவன், பெட்டியின் முன்னே நிற்கும்பொழுது, கடையிலிருந்து கைப்பழக்கத்தாற் கற்றவனிலும் மேம்பட்டவனல்லன்.

இங்கேதான் பழைய மாணவரின் பணி தொடங்குகின்றது. எம் கல்லூரியினின்று வெளிச்சென்றோருட் பொறியியலாளர் உளர். வெளிநாடுகளில் மின்னணுத் தொழிற்சாலைகளிற் பணிபுரிவோர் உளர். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் உளர். பெரிய மண்டபம் ஒன்றை யாம் கேட்கவில்லை. பதுளையிலே ஓர் அறை, நான்கு ஆய்வுமேசை, அலைவுகாட்டி இரண்டு, பிரிப்பு மாற்றி ஒன்று, ஓட்டத்தை வரையறுக்கும் மின்வழங்கிகள், போதிய உதிரிப்பாகங்கள். சனி ஞாயிறு நாட்களிலே வந்து கற்பிக்க இருவர். இவை போதும். கடைகளிலே வேலைசெய்யும் பிள்ளைகளையும், தோட்டத்து மின்திருத்துநரையும், உயர்தர மாணவரையும் ஒரே மேசையில் அமர்த்துக. பெண்பிள்ளைகளுக்கும் அவ்விடம் சமமாகத் திறந்திருக்கட்டும். நுண்ணிய கைவேலையில் அவர்கள் எவருக்கும் பின்னிற்பவரல்லர்.

அவ்வறையின் சுவரிலே பெரிய எழுத்தில் எழுதி வைக்கவேண்டியன சில உண்டு. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும், பெட்டியிற் குறித்த நேரம் காத்திருந்து, கொள்ளளவியின் வோல்ற்றளவை மானியால் அளந்து பார்த்தபின்னரே கையை இடுக. தனியாக எவனும் உயர்வோல்ற்றுப் பெட்டியைத் திறத்தல் ஆகாது. அருகில் இன்னொருவன், மின்சாரத்தைத் துண்டிக்கவும் முதலுதவி செய்யவும் தெரிந்தவன், நிற்றல் வேண்டும். திரான்சிற்றரை மாற்றினால் இயக்கியையும் தடையியையும் இருவாயியையும் சோதிக்குக. பேரோட்டத்தை இணைக்குமுன் படலையின் அலைவடிவத்தை மட்டும் பார்க்க. அது 15 வோல்ற்றுக்கு ஏறி, ஒழுங்காக இறங்கி, மேலும் கீழும் ஒருங்கே திறவாதிருப்பதைக் கண்டபின், குறைந்த வோல்ற்றில், தொடராக ஒரு மின்குமிழை இட்டு முதலோட்டம் விடுக. அதன்பின்னரே முழு வோல்ற்று. அதுவும் தகுதிபெற்ற பொறியியலாளர் முன்னிலையில். காவலுக்காக வைத்த உறுப்பு எதனையும் வேகத்துக்காக அகற்றாதே.

ஒவ்வொரு விதியின் அருகிலும் அதன் காரணத்தையும் எழுதுக. விதியை மாத்திரம் கற்றவன், மேற்பார்ப்பவன் அகன்றதும் அதனைக் கைவிடுவான். காரணத்தைக் கற்றவன் தன்னந்தனியே நிற்கும் இரவிலும் அதனைக் கைவிடான். பரீட்சையும் அங்ஙனமே அமைக. இத்தடையியை எடுத்துவிட்டால் யாது நிகழும் என்ற வினாவுக்கு விடை கூறவல்லவனுக்கே சான்றிதழ் வழங்குக.

மலைநாட்டுத் தமிழரின் உழைப்பினால் இந்நாடு பெற்றது மிகுதி. அவர்களுடைய பிள்ளைகளுக்கு இந்நாடு கொடுத்தது சொற்பம். தாய் கொழுந்து கிள்ளிய தோட்டத்திலே மகன் கூலியாளாகவே நிற்கவேண்டுமென்பது விதியன்று. அத்தோட்டத்து ஸ்டோரின் விசிறியை அறிவோடு இயக்கவும், பழுதைக் காரணம் அறிந்து திருத்தவும், வேளை முடிந்ததும் உயிரோடும் உடலோடும் வீடு திரும்பவும் வல்ல தொழிலறிஞனாக அவன் உயர்தல் கூடும். அதற்கு வேண்டும் செலவு, இம்மலரை அச்சிட்டுப் பொன்விளிம்பிட்டு விருந்தோடு வெளியிடும் செலவினும் பெரிதாகாது என்பது எமது மதிப்பு. சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திலே இதனை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறும், ஊவாவிலுள்ள அன்பர்கள் அறைக்கும் ஆசிரியர்க்கும் ஆவன செய்யுமாறும் பணிவோடு வேண்டி அமைகின்றோம்.